முப்பத்தொன்றாவது நிமிடம்

பொற்றையடியில் பஸ்ஸை விட்டிறங்கி
மருத்துவாமலையின் மேற்குச் சரிவில்
இருநூற்றுப்பத்து மீட்டரில் பறித்தது.
அனுமார் கையிலிருந்து சிந்திய மலை என்பார்கள்.
நான் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஓமவல்லிக்குக் காட்டில் ஒரு தங்கச்சி.
இலை சின்னது, சுணை கூடுதல்,
கிள்ளிய விரலை ராத்திரிவரை விடாத வாடை.
ஆனிக் காற்று துப்பட்டாவைத் தனக்கென்று இழுக்க
ஒன்றரைக் கிலோ சேர
மூன்று மணிநேரம் ஆனது.
கையிலிருந்த பையில் திணித்து
வாயைச் சுருட்டிக் கட்டினேன்.

லேபில் இரண்டுமுறை கரண்டு போனது.
மூன்றாம் முறை குடுவை கொதித்தது.
குளிர்குழாயின் கழுத்தில் முதலில் வெறும் வியர்வை.
பிறகு தண்ணீர்மேல்
மஞ்சளாக ஒரு கீற்று,
தயங்கித் தயங்கி இன்னொன்று.
ததேயு காதிடுக்குப் பேனாவை எடுத்து
நோட்டில் எழுதினான்: 2.1 மில்லி.
"இவ்வளவுதானா பிள்ளே" என்றான்.
இவ்வளவுதான்.

ஐஸ் பெட்டியில் சின்னக் குப்பியை வைத்து
திருவனந்தபுரம் பாசஞ்சரில் போனேன்.
எதிர் சீட்டுக்காரர் கேட்டார்: "நெய்மீனா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

பதினோரு நாள் கழித்து வந்த தாளில்
மலை ஒரு கோடாகக் கிடந்தது,
கூர்கூராக முகடுகள்.
பாரா-சைமீன், காமா-டெர்பினீன்,
கொஞ்சமாய்த் தைமால்,
அதன் முதுகிலேயே மூச்சுவிட்டபடி கார்வக்ரால்,
நூற்றுக்கு 48.2.
இரண்டுக்கும் ஒரே பத்துக் கரி,
பதினான்கு ஹைட்ரஜன், ஒற்றை ஆக்சிஜன்.
ஒரே வீட்டுச் சாமான்கள்;
கட்டிலை மட்டும் வேறு சுவரோரம் போட்டிருக்கிறது.
அதற்கே பெயர் மாறிவிடுகிறது, எடை மாறாமல்.

கடைசிப் பக்கம்,
31.42-ஆம் நிமிடம்,
எறும்புப் புற்றளவு ஒரு மேடு.
0.41. அடையாளம் தெரியாதது.
இயந்திரத்தின் நூலகம் முழுதும் தேடி
ஐம்பத்தெட்டு சதவீதப் பொருத்தத்தோடு
கைவிரித்திருந்தது.

அன்று ராத்திரி தூக்கமில்லை.
உலகத்தில் யாரும் மோந்திராத ஒன்று
என் மலையில், என் குப்பியில்.
கண்டவர் பெயரோடு 'ஆல்' சேர்ப்பது வழக்கமென்று
நானே ஒரு வழக்கத்தை உண்டாக்கி
அஜிலா என்ற என் பெயரோடு சேர்த்துப் பார்த்தேன்.
அஜிலால்.
ஓணத்துக்கு விருந்துவந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.
சிரிப்பு வந்தது. மாற்ற மனசில்லை.

நாலைந்து நாள் அப்படியே போயிற்று.
அந்த மேட்டின் உள்விவரத்தில்
எல்லாவற்றையும்விட உயரமாக
149 என்ற எண் நின்றதை
முதல் நாளே பார்த்தேன்.
பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.
எம்.எஸ்ஸி. முதல் வருஷத்துப் பிள்ளைகூடச் சொல்லும்,
149 செடியில் முளைப்பதில்லை,
பிளாஸ்டிக்கை இளக வைப்பதென்று.

வியாழக்கிழமை
யாரும் வருமுன் பையின் ஓரத்தை நறுக்கி
ஹெக்ஸேனில் ஊறப்போட்டேன்.
ததேயுவிடம் எதுவும் சொல்லவில்லை.
அவனும் கேட்காமல் குப்பியில் லேபிள் ஒட்டினான்.

மறுபடி திருவனந்தபுரம், மறுபடி ஒரு தாள்.
ஓமவல்லி இல்லை, மலை இல்லை,
வெறும் தரையில் அதே மேடு.
31.42.

வடசேரி ஜவுளிக்கடைப் பை அது.
போன தை மாதம்
எனக்கு நிச்சயப் புடவை வந்தது அதில்.
புடவையைத் திருப்பி அனுப்பியாயிற்று,
மோதிரத்தையும்.
பை கெட்டியாக இருக்கிறதே என்று
நான்தான் மடித்து வைத்தேன்.

அட்டவணையில் அந்த வரியை அழித்தேன்.
மீதி எல்லாவற்றையும் மறுபடி கூட்டி வகுத்ததில்
கார்வக்ரால் 48.4 ஆனது.
மலைக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை.

சனிக்கிழமை திரும்பப் போக வேண்டும்.
அதற்குள் செடி பூத்திருக்கும்,
பூத்தால் எண்ணெயின் கணக்கே வேறு,
முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
துணிப்பை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நறுக்கியதுபோக மீந்த பை
பால்கனிக் கம்பியில் மாட்டிக் கிடக்கிறது.
காற்று உள்ளே புகும்போதெல்லாம் உப்பி
சிவப்பு எழுத்தில் சொல்கிறது:
நன்றி. மீண்டும் வருக.